குறைமாவுச்சத்து உணவுமுறையும் உடல் எடையும்: பழனி மலை விளைபொருள்களை முன்வைத்து

குறைமாவுச்சத்து உணவுமுறை என்பது அன்றாட உணவில் மாவுச்சத்தின் (கார்போஹைட்ரேட்) பங்கைக் குறைத்து, புரதம், கொழுப்பு, நார்ச்சத்துள்ள காய்கறிகள் ஆகியவற்றின் பங்கைக் கூட்டும் உணவுப் பழக்கமாகும். எடைக் குறைப்புக்கும் இரண்டாம் வகை நீரிழிவுக் கட்டுப்பாட்டுக்கும் இது பரவலாகப் பின்பற்றப்படுகிறது. இதற்கு ஒரே வரையறை இல்லை. பொதுவாக, நாளொன்றுக்கு 130 கிராமுக்குக் குறைவாக மாவுச்சத்து உண்பது குறைமாவுச்சத்து உணவு என்றும், 50 கிராமுக்குக் குறைவாக உண்பது கீட்டோ உணவு என்றும் கொள்ளப்படுகிறது.

திண்டுக்கல் மாவட்டத்தில் பழனி மலைத்தொடரின் மேல், கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களும் இவ்வுணவுமுறைக்குத் தேவையான காய்கறிகள் பலவற்றை விளைவிக்கின்றன. எனவே இக்கட்டுரை அம்மலையின் விளைபொருள்களை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

வரலாறு

1863ஆம் ஆண்டு இலண்டனைச் சேர்ந்த வில்லியம் பேன்டிங் என்பவர், ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு ஆகியவற்றைக் குறைத்துத் தம் எடையைக் குறைத்த முறையைச் சிறு நூலாக வெளியிட்டார். எடைக் குறைப்புக்கான குறைமாவுச்சத்து முறையைப் பரப்பிய முதல் நூல்களுள் இது ஒன்று. 1921இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ரசல் வைல்டர் வலிப்பு நோய்க்கான சிகிச்சையாகக் கீட்டோ உணவை முன்மொழிந்தார். 1972இல் மருத்துவர் ராபர்ட் அட்கின்ஸ் எழுதிய நூல் இம்முறையை உலகெங்கும் கொண்டு சென்றது.

தமிழில் இது 'பேலியோ டயட்' என்னும் பெயரில் பரவியது. நியாண்டர் செல்வன் தொடங்கிய 'ஆரோக்கியம் நல்வாழ்வு' முகநூல் குழுவும், அவர் எழுதிய 'பேலியோ டயட்' நூலும் இதற்கு முதன்மைக் காரணங்கள். பாதாம், முட்டை, பன்னீர், இறைச்சி, காய்கறி ஆகியவற்றைக் கொண்ட உணவுப் பட்டியல்கள் தமிழ் வீடுகளில் பேசுபொருளாயின.

ஆதி மனிதர் மாவுச்சத்தே உண்ணவில்லை என்று சிலர் இதற்கு விளக்கம் கூறுவதுண்டு. இது முழு உண்மையன்று. பழனி மலைக் காடுகளில் வாழ்ந்துவரும் பளியர் பழங்குடியினரின் மரபு உணவில் காட்டு வள்ளிக்கிழங்கும் தேனும் முக்கிய இடம் பெற்றிருந்தன. இரண்டும் மாவுச்சத்தும் சர்க்கரையும் நிறைந்தவை. ஆனால் கிழங்கைத் தேடி நடந்து, தோண்டி எடுத்து உண்ட வாழ்க்கை அது. உட்கார்ந்த இடத்தில் மூன்று வேளையும் சோறு உண்ணும் வாழ்க்கையோடு அதை ஒப்பிட முடியாது.

தமிழ்நாட்டில் இதன் தேவை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. அதன்படி இந்தியாவில் சுமார் 10 கோடியே 10 இலட்சம் பேருக்கு நீரிழிவு உள்ளது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாக அவ்வாய்வு கண்டறிந்தது. நாட்டில் 39.5 விழுக்காட்டினருக்கு வயிற்றுப் பருமன் உள்ளது.

இதே ஆய்வுத் தொடரில் 2025இல் வெளியான உணவு பற்றிய கட்டுரை, இந்தியர்கள் பெறும் ஆற்றலில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருவதாகக் கூறுகிறது. தென்னிந்தியாவில் அதன் பெரும்பங்கு வெள்ளை அரிசி. கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறினாலும், மாவுச்சத்தின் மொத்த அளவு குறையாவிட்டால் நீரிழிவு, வயிற்றுப் பருமன் ஆகியவற்றின் இடர் குறைந்ததாகத் தெரியவில்லை என்பது அக்கட்டுரையின் முக்கிய முடிவு. சோற்றுக்குப் பதில் அதே அளவு சப்பாத்தியோ தினைச் சோறோ உண்பது போதாது என்பது இதனால் விளங்கும்.

எடை குறையும் விதம்

உண்ட மாவுச்சத்து குளுக்கோசாக மாறி இரத்தத்தில் சேர்கிறது. அதைத் திசுக்களுக்குள் செலுத்த இன்சுலின் சுரக்கிறது. மிகுதியான குளுக்கோசு கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோசனாகச் சேமிக்கப்படுகிறது. ஒரு கிராம் கிளைக்கோசனுடன் சுமார் 3 கிராம் நீரும் தங்கும். மாவுச்சத்தைக் குறைத்தவுடன் இச்சேமிப்பு கரைய, நீரும் வெளியேறுகிறது. முதல் வாரத்தில் ஓரிரு கிலோ சட்டென்று குறைவது பெரும்பாலும் இந்நீர்தான், கொழுப்பு அன்று. மீண்டும் சோறு உண்டவுடன் அந்த எடை திரும்புவதும் இதனால்தான்.

அதன் பிறகு குறைவது, செலவாகும் ஆற்றலைவிட உண்ணும் ஆற்றல் குறைவாக இருப்பதால் ஆகும். புரதமும் நார்ச்சத்தும் பசியை நெடுநேரம் தாங்கச் செய்வதால், பலர் தம்மை அறியாமலே குறைவாக உண்கின்றனர். இம்முறையின் உண்மையான பலம் இதுவே.

ஆய்வுகள் கூறுவது

2018இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வில் 609 பேர் பங்கேற்றனர். ஓராண்டின் முடிவில் குறைகொழுப்பு உணவு உண்டவர்கள் சராசரியாக 5.3 கிலோவும், குறைமாவுச்சத்து உணவு உண்டவர்கள் 6 கிலோவும் குறைந்தனர். இவ்வேறுபாடு புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்கதன்று.

இசுரேலில் 322 பேரைக் கொண்டு நடந்து 2008இல் வெளியான ஆய்வில், இரண்டாண்டில் குறைமாவுச்சத்துப் பிரிவினர் சராசரியாக 4.7 கிலோவும் குறைகொழுப்புப் பிரிவினர் 2.9 கிலோவும் குறைந்தனர். ஆனால் தொடங்கி ஆறாண்டு கழித்துப் பார்த்தபோது, குறைமாவுச்சத்துப் பிரிவினரிடம் எஞ்சிய குறைவு 1.7 கிலோ மட்டுமே. எடையைக் குறைப்பதைவிட, குறைத்ததைக் காப்பதே கடினம் என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

பழனி மலையின் விளைபொருள்கள்

பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி போன்ற மேல்மலைச் சிற்றூர்களில் கேரட், பீன்ஸ், முட்டைகோஸ், உருளைக்கிழங்கு, பூண்டு ஆகியவை விளைகின்றன. பண்ணைக்காடு, தாண்டிக்குடி போன்ற கீழ்மலைப் பகுதிகளில் காபி, மலைவாழை, சௌசௌ, வெண்ணெய்ப்பழம் (பட்டர் ஃப்ரூட்) ஆகியவை பயிராகின்றன. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது.

மலையில் விளைந்தது என்பதாலேயே எல்லாம் குறைமாவுச்சத்து உணவாகிவிடாது. 100 கிராமில் உள்ள மாவுச்சத்தின் தோராய அளவு பின்வருமாறு:

- சௌசௌ: 4 முதல் 5 கிராம்
- காலிஃபிளவர்: 5 கிராம்
- முட்டைகோஸ்: 6 கிராம்
- பீன்ஸ்: 7 கிராம்
- வெண்ணெய்ப்பழம்: 8 முதல் 9 கிராம் (இதில் சுமார் 7 கிராம் நார்ச்சத்து)
- கேரட், பீட்ரூட்: 10 கிராம்
- பச்சைப் பட்டாணி: 14 கிராம்
- உருளைக்கிழங்கு: 17 கிராம்
- வாழைப்பழம்: 23 கிராம்
- வெள்ளைச் சோறு: 28 கிராம்

வெண்ணெய்ப்பழத்தில் மாவுச்சத்து குறைவெனினும் 100 கிராமில் சுமார் 160 கலோரி உண்டு. அதைச் சர்க்கரையும் பாலும் சேர்த்து ஜூஸாக அடித்தால் குறைமாவுச்சத்து என்னும் பயன் போய்விடும். விருப்பாச்சி மலைவாழையும் பழனிப் பஞ்சாமிர்தமும் புவிசார் குறியீடு பெற்ற பெருமைக்குரியவை. ஆயினும் வாழைப்பழம், சர்க்கரை, பேரீச்சை ஆகியவை சேரும் பஞ்சாமிர்தத்தைப் பிரசாத அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஒரு கணக்கு

மதிய உணவில் 300 கிராம் சோறு உண்பவர் அதை 100 கிராமாகக் குறைத்தால் 56 கிராம் மாவுச்சத்தும் சுமார் 260 கலோரியும் குறையும். அந்த இடத்தை 150 கிராம் முட்டைகோஸ் பொரியலும் (ஒரு தேக்கரண்டி எண்ணெயுடன்) ஓர் அவித்த முட்டையும் நிரப்பினால் சுமார் 160 கலோரி சேரும். வயிறு நிறைந்தும் 100 கலோரி மிச்சம். ஆனால் பொரியலில் ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவலைக் கூடுதலாகப் போட்டால் அந்த மிச்சம் ஏறத்தாழ முழுவதும் தீர்ந்துவிடும். மரக்கறி உண்போர் முட்டைக்குப் பதில் கெட்டிப் பருப்பு, சுண்டல், பன்னீர், தயிர் ஆகியவற்றைக் கொள்ளலாம்.

சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையினர் 18,090 பேரின் தரவுகளைக் கொண்டு 2022இல் வெளியிட்ட ஆய்வு, நீரிழிவைத் தணிக்க மாவுச்சத்தை மொத்த ஆற்றலில் 49 முதல் 54 விழுக்காடாகவும் புரதத்தை 19 முதல் 20 விழுக்காடாகவும் அமைக்கலாம் என்று கணித்தது. சோற்றை முற்றிலும் விடாமலே எட்டக்கூடிய இலக்கு இது.

குறைத்த எடையைத் தக்கவைத்தல்

எடை குறையும்போது உடல் தன் ஆற்றல் செலவையும் குறைத்துக்கொள்கிறது, பசியும் கூடுகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியொன்றில் பெரிதும் எடை குறைத்த 14 பேரை ஆறாண்டு கழித்து ஆராய்ந்தபோது, அவர்களின் உடல் ஓய்வில் செலவிடும் ஆற்றல் எதிர்பார்த்ததைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே இருந்தது. 2016இல் வெளியான இம்முடிவு, எடை திரும்புவது வெறும் மனவுறுதிக் குறைவால் அன்று என்பதை உணர்த்தியது.

1994இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேடு, குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஓராண்டுக்கு மேல் காத்தவர்களின் பழக்கங்களைத் தொகுத்து வருகிறது. அவர்களிடம் பரவலாகக் காணப்பட்டவை:

- நாள்தோறும் சுமார் ஒரு மணிநேர உடற்பயிற்சி, பெரும்பாலும் நடை
- வாரம் ஒருமுறையேனும் எடை பார்த்தல்
- காலை உணவைத் தவறாமல் உண்ணுதல்
- வார நாளிலும் விடுமுறை நாளிலும் ஒரே வகை உணவுப் பழக்கம்

கொடைக்கானல் ஏரியைச் சுற்றியுள்ள சுமார் 5 கிலோமீட்டர் சாலையை ஒருமுறை வேகமாக நடந்து வந்தால் ஒரு மணிநேரம் ஆகும். சமவெளியில் இருப்போர் தம் ஊர்க் கண்மாய்க் கரையிலோ பள்ளித் திடலிலோ இதே தொலைவை நடக்கலாம். மூன்று மாதத்துக்கு மட்டும் கடைப்பிடிக்கக்கூடிய கடும் பத்தியத்தைவிட, பொங்கலுக்கும் கல்யாண வீட்டுப் பந்திக்கும் இடம் தரும் மிதமான முறையே நீடிக்கும்.

எச்சரிக்கைகள்

- இன்சுலின் அல்லது சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரை கொள்வோர், மருந்தின் அளவைக் குறைக்காமல் மாவுச்சத்தைக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். மருத்துவரிடம் கூறாமல் தொடங்கக் கூடாது.
- எஸ்.ஜி.எல்.டி.2 தடுப்பான் மாத்திரைகளைக் கொள்வோருக்குக் கீட்டோ உணவால் கீட்டோ அமிலத்தன்மை ஏற்படலாம். இரத்தச் சர்க்கரை மிகுதியாக இல்லாதபோதும் இது நேரும் என்பதால் அறிகுறிகளைத் தவறவிட வாய்ப்புண்டு. வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு இருந்தால் உடனே மருத்துவமனை செல்ல வேண்டும்.
- இரத்த அழுத்த மாத்திரை கொள்வோருக்குத் தலைச்சுற்றல் ஏற்படலாம்.
- சிறுநீரக நோயாளிகள், கருவுற்றவர்கள், பாலூட்டும் தாய்மார், வளரும் பிள்ளைகள் ஆகியோர் மருத்துவ மேற்பார்வையின்றி இதைப் பின்பற்றக் கூடாது.
- சிலருக்கு எல்.டி.எல். கொழுப்பு பெரிதும் உயர்வதுண்டு. எனவே தொடங்குமுன்னும் மூன்று மாதம் கழித்தும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.
- மிக விரைவாக எடை குறைந்தால் பித்தப்பைக் கல் உருவாகும் வாய்ப்பு கூடும். வாரத்துக்கு அரை கிலோ அளவில் குறைவது போதுமானது.