வேலிக்கு வெளியே நிற்கும் ஏக்கம்

பெருநகரவாசிகளின் இயற்கை ஏக்கத்தை ஓய்வு நேரத்து ஆடம்பரமாகக் கருதுவோர் பலர் எனினும், அது உடல்நலத்தோடும் தொடர்புடையது என்பதை நாற்பது ஆண்டுகளாக ஆய்வுகள் சுட்டி வருகின்றன. அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்ட ஆய்வின்படி, பென்சில்வேனியா மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்றவர்களுள், ஜன்னல் வழியே மரங்களைக் கண்டோர், செங்கல் சுவரை மட்டுமே கண்டோரைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினர். வீரியமிக்க வலி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. ஒப்பிடப்பட்டோர் 46 பேர்தாம் என்பதால் அதனை முடிந்த முடிபாகக் கொள்வதற்கில்லை.

இதற்கான விளக்கங்களுள் ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் ஆகிய உளவியலாளர்கள் முன்வைத்தது குறிப்பிடத்தக்கது. சாலை நெரிசலிலும் அலுவலகத்திலும் வேண்டாதவற்றை ஒதுக்கி, ஒன்றிலேயே மனத்தை வலிந்து நிறுத்துவதால் கவனிக்கும் ஆற்றல் களைத்துப்போகிறது. இலையசைவும் நீரோட்டமும் முயற்சியின்றியே மனத்தை ஈர்ப்பதால், அக்களைத்த ஆற்றல் ஓய்ந்து மீள்கிறது என்பது அவர்கள் கருத்து.

சென்னையைப் பொறுத்தவரை, பசுமை அறவே இல்லை என்பதைவிட, இருப்பது அன்றாட வாழ்வுக்கு எட்டுவதில்லை என்பதே உண்மைக்கு நெருக்கமானது. சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கிண்டி தேசியப் பூங்காவில், குறைந்த மழையிலும் ஆண்டு முழுதும் பசுமை குன்றாத, சோழமண்டலக் கரையோரத்து உலர் பசுமைமாறாக் காடு எஞ்சியிருப்பதுடன், வெளிமானும் புள்ளிமானும் வாழ்கின்றன. ஆயினும் பொதுமக்கள் பெரும்பாலும் காண்பது அதன் ஓரத்துச் சிறுவர் பூங்காவையும் பாம்புப் பண்ணையையுமே. மான்களின் நலன் கருதினால் காட்டைப் பிரிக்கும் வேலி தேவையானதும்கூட. 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமோ, பலருக்குப் பேருந்து ஜன்னலில் கடந்துபோகும் காட்சி மட்டுமே. அதன் ஒரு பகுதி நெடுங்காலம் குப்பைமேடாகவும் இருந்தது.

அருகில் தணியாத ஏக்கம் விடுமுறையில் மலையேறுகிறது. உதகையிலும் கொடைக்கானலிலும் கோடைக்கால வாகனங்கள் பெருகியதால், சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே மாதம் முதல் அங்கே செல்ல இ-பாஸ் கட்டாயமாயிற்று. இயற்கையை நாடிச் செல்லும் கூட்டமே அதற்குச் சுமையாகும் நிலையில், கூடுதல் மலைச்சாலைகளும் விடுதிகளும் இதற்குத் தீர்வாகா. தெருவோரப் புங்கமரத்தின் அடியைச் சிமென்டு பூசி மூடாமல் வேர் பரவ இடம் விடுவதையும், நடந்தே செல்லும் தொலைவில் ஒரு பூங்கா அமைவதையும் நகரவாசிகள் தத்தம் வார்டு உறுப்பினரிடம் கேட்டுப் பெற வேண்டும்.