ஒரு வாணலிப் பாஸ்தா

ஒரு வாணலிப் பாஸ்தா என்பது பாஸ்தாவைத் தனியே வேகவைத்து நீரை வடிக்காமல், காய்கறிகளோடு ஒரே பாத்திரத்தில் அளவான நீரில் வேகவிட்டு, அந்த நீரையே சாஸாகச் சுண்டவிடும் சமையல் முறையாகும். இறுதியில் பால், கிரீம், சீஸ் ஆகியவற்றில் ஒன்றோ இரண்டோ சேர்த்தால் அது கிரீமி பாஸ்தா எனப்படுகிறது. சோறு வடிப்பதற்கும் பொங்குவதற்கும் உள்ள வேறுபாடுதான் வழக்கமான முறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு. வடித்த சோற்றில் கஞ்சி வெளியே போகிறது. பொங்கிய சோற்றில் அது உள்ளேயே நிற்கிறது. இந்தச் சமையலின் நன்மைகளும் தவறுகளும் அந்த ஒரு செய்தியிலிருந்தே பிறக்கின்றன.

பின்னணி

இம்முறை உலகெங்கும் பரவக் காரணமானது, 2013-இல் அமெரிக்காவின் மார்த்தா ஸ்டூவர்ட் லிவிங் இதழில் வந்த ஒரு செய்முறை. தென்கிழக்கு இத்தாலியின் புலியா வட்டாரத்தில் கண்ட சமையலை ஒட்டி அது எழுதப்பட்டது. 340 கிராம் லிங்குயினி, தக்காளி, வெங்காயம், பூண்டு, எண்ணெய் எல்லாவற்றையும் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீரோடு ஒன்றாகப் போட்டு, 9 நிமிடம் கொதிக்கவிட்டால் உணவு தயார். பாஸ்தாவை ரிசோட்டோ அரிசியைப் போலச் சிறிது சிறிதாக நீர்விட்டுச் சுண்டவைக்கும் பழக்கமும் இத்தாலியில் உண்டு. ஆகவே, வடிக்காத பாஸ்தா இத்தாலியருக்கு ஒவ்வாதது என்று சொல்லப்படுவது முழு உண்மையன்று.

மாமல்லபுரத்தின் மரபுச் சின்னங்கள் 1984-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே உள்ள ஒத்தவாடைத் தெருவின் உணவகங்களில் வெளிநாட்டுப் பயணிகளுக்கான பாஸ்தா நெடுநாளாகவே கிடைக்கிறது. வீட்டுச் சமையலுக்குள் அது நுழைந்தது வேறு வழியில், மளிகைக்கடைப் பொட்டலமாக. செங்கல்பட்டு, மறைமலை நகர், கூடுவாஞ்சேரி போன்ற ஊர்களில் இரவு எட்டு மணிக்கு மின்சார ரயிலிலிருந்து இறங்கி வீடு சேர்பவர்களுக்கு, அரை மணி நேரத்தில் முடிந்து ஒரே பாத்திரம் மட்டும் கழுவ வேண்டிய சமையலின் அருமை தெரியும். சேமியா கிச்சடி செய்யத் தெரிந்த வீட்டுக்கு இதில் கற்க வேண்டியது அதிகமில்லை. சேமியாவும் கோதுமை ரவையின் பிள்ளைதான்.

நீர்

இத்தாலிய வழக்கப்படி 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் நீரும் 10 கிராம் உப்பும் வேண்டும். மூன்று பேர் உண்ணும் 250 கிராமுக்கு இரண்டரை லிட்டர் ஆகிறது. அதில் பெரும்பகுதி தொட்டியில் கொட்டப்படும். 20 லிட்டர் கேன் தண்ணீரில் சமைக்கும் வீட்டில் இது கேனின் எட்டில் ஒரு பங்கு. ஒரு வாணலி முறைக்கு அதே 250 கிராமுக்கு முக்கால் லிட்டர் போதும். கொதிநிலைக்குக் கொண்டுவரச் செலவாகும் வெப்பமும் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. எரிவாயு உருளை மாதக் கடைசியில் தீரும் வீடுகளுக்கு இது சின்னச் செய்தியன்று.

ஆனால் நீர் வடிக்கப்படாததால், நீரில் இருப்பதெல்லாம் தட்டுக்கு வருகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஊர்களில் ஆழ்குழாய் நீர் உப்பாக இருக்கும் இடங்கள் உண்டு. குடிநீரில் கரைந்த திடப்பொருள்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு நீர் கிடைக்காதபோது 2000 வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. 2000 அளவுள்ள நீரில் முக்கால் லிட்டரைச் சுண்டவைத்தால், சமைப்பவர் உப்பே போடாதபோதும் 1.5 கிராம் உப்புகள் உணவில் தங்கிவிடும். இது கால் தேக்கரண்டிக்கு மேல். வடிக்கும் முறையில் இதன் பெரும்பகுதி போய்விடும். இங்கே போக வழியில்லை. கடின நீரில் இன்னொரு தொல்லையும் உண்டு. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து காய்கறிகளின் நார்ப்பகுதியை இறுக்குவதால் கேரட்டும் பீன்சும் வேக நேரமாகும்.

எனவே இதற்குக் குடிக்கும் நீரையே பயன்படுத்த வேண்டும். பாஸ்தா நீர் கடல்நீர்போல் உப்பாக இருக்க வேண்டும் என்ற புகழ்பெற்ற அறிவுரையையும் மறந்துவிட வேண்டும். அது வடிப்பவர்களுக்குச் சொன்னது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 250 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு தட்டைத் தேக்கரண்டி, அதாவது 5 அல்லது 6 கிராம் உப்பு போட்டாலே ஒருவர் பங்கில் 2 கிராம் வருகிறது. பின்னால் சேரும் சீஸிலும் உப்பு உண்டு.

கஞ்சியின் வேலை

பாஸ்தா வேகும்போது அதன் மேற்பரப்பிலிருந்து மாவுச்சத்து நீரில் கரைகிறது. நிறைய நீரில் அது நீர்த்துப்போகும். குறைந்த நீரில் கெட்டிப்படும். கிரீம் குறைவாக இருந்தாலும் சாஸ் வழவழப்பாக வருவது இந்தக் கஞ்சியால்தான். சீஸ் திரளாமல் காப்பதும் அதுவே. மிளகும் சீஸும் மட்டும் சேரும் காச்சோ ஏ பெப்பே என்ற ரோமானிய உணவை இயற்பியலாளர் குழு ஒன்று ஆராய்ந்து 2025-இல் கட்டுரை வெளியிட்டது. சீஸின் எடையில் 2 முதல் 3 விழுக்காடு மாவுச்சத்து இருந்தால் சாஸ் சீராக நிற்கிறது, 1 விழுக்காட்டுக்குக் கீழே போனால் சீஸ் கட்டிகட்டியாகத் திரள்கிறது என்பது அதன் முடிவு. அவ்வாண்டின் இக் நோபல் இயற்பியல் பரிசு அதற்குக் கிடைத்தது. கஞ்சியில் பருத்திச் சேலை முறுக்கேறுவதைப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனாலும் அளவு தெரிந்தது பயன்தான்.

எல்லாப் பாஸ்தாவும் ஒரே அளவில் கஞ்சி விடுவதில்லை. டூரம் கோதுமை ரவையில் செய்ததில் புரதம் மிகுதி, உருக்குலையாமல் வேகும். சாதாரணக் கோதுமை ரவையோ மைதாவோ கலந்தது விரைவில் குழைந்து கஞ்சியை அதிகம் விடும். பொட்டலத்தின் பின்புறத்தைப் படித்து, டூரம் இல்லையென்றால் வேகும் நேரத்தில் இரண்டு நிமிடம் குறைப்பது நல்லது.

பால் திரிதல்

இந்த உணவு கெடுவதற்கு மிகப் பொதுவான காரணம் பால் திரிவதே. புளிப்பும் சூடும் சேரும்போது பாலின் கேசீன் புரதம் திரண்டு பிரிகிறது. நாட்டுத் தக்காளி நல்ல புளிப்புடையது. ரசத்துக்கு அது சிறப்பு, பால் சேரும் பாஸ்தாவுக்கு அன்று. பெங்களூர்த் தக்காளியில் ஒன்றே ஒன்றைத் தொடக்கத்திலேயே எண்ணெயில் நன்றாக வதக்கிவிட்டால் ஆபத்து குறைவு. தக்காளியே இல்லாமலும் செய்யலாம், சுவை குறையாது.

கொழுப்பு கூடக்கூடத் திரியும் இயல்பு குறைகிறது. சமன்படுத்திய பாலில் கொழுப்பு 3 விழுக்காடு, நிறைகொழுப்புப் பாலில் 6, பொட்டலத்தில் விற்கும் கிரீமில் பொதுவாக 25. நிறைகொழுப்புப் பாலே போதுமானது. அதைக் காய்ச்சி வெதுவெதுப்பாக வைத்திருந்து, கஞ்சி கெட்டிப்பட்ட பிறகு, அடுப்பைத் தணித்து ஊற்ற வேண்டும். கஞ்சியும் புரதத்தைச் சுற்றிக் காவல் நிற்கும். தொடக்கத்திலேயே பாலில் பாஸ்தாவை வேகவிடுவோர் உண்டு. அதில் அடிப்பிடிப்பது ஏறக்குறைய உறுதி.

செய்முறை

மூவருக்குப் பென்னே 250 கிராம், நீர் 750 மில்லி, நிறைகொழுப்புப் பால் 150 மில்லி, சீஸ் துருவல் 40 கிராம், காய்கறி 300 கிராம், ஒரு பெரிய வெங்காயம், ஆறு பல் பூண்டு, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், மிளகு தேவை. பாத்திரம் அகலமாகவும் அடி கனமாகவும் இருக்க வேண்டும்.

எண்ணெயில் பூண்டையும் வெங்காயத்தையும் நிறம் மாறாமல் வதக்கி, சிறிதாக நறுக்கிய கேரட், பீன்சைச் சேர்த்து இரண்டு நிமிடம் புரட்ட வேண்டும். பிறகு பாஸ்தா, உப்பு, கொதிநீர். மூடாமல், தீயைச் சற்றே கூட்டிக் கொதிக்கவிட்டு இரண்டு நிமிடத்துக்கொரு முறை அடிவரை கிளற வேண்டும். முதல் மூன்று நிமிடத்தில்தான் பாஸ்தா ஒன்றோடொன்று ஒட்டும். அப்போது அடுப்பைவிட்டு நகரக்கூடாது. எட்டாம் நிமிடத்தில் குடைமிளகாயும் பச்சைப் பட்டாணியும் போகலாம். நீர் வற்றி, கிளறினால் வாணலியின் அடி ஒரு கணம் தெரியும் நிலையில் ஒரு துண்டைக் கடித்துப் பார்த்தால் நடுவில் லேசான உறுதி இருக்கும். அப்போது பாலை ஊற்றி, தணிந்த தீயில் மூன்று நிமிடம் வைத்து இறக்க வேண்டும். இறக்கியபின் சீஸும் மிளகுத்தூளும். கண்ணுக்குச் சற்று நீர்த்ததாகத் தெரியும்போதே நிறுத்திவிட வேண்டும். தட்டுக்கு வருவதற்குள் இறுகிவிடும். பொங்கல் வைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பழகியதே.

குக்கரில் விசில் விட்டுச் செய்வதும் பரவலாக உள்ளது. பாஸ்தா நுரைத்துப் பொங்கும் பொருள் என்பதால் ஆவித்துளை அடைபடக்கூடும். மிச்சமாகும் ஐந்து நிமிடத்துக்கு அந்த ஆபத்து தேவையில்லை.

உள்ளூர் மாற்றங்கள்

பால் ஒவ்வாதவர்களுக்குத் தேங்காயின் முதற்பால் ஏற்றது. சொதிக்குச் செய்வதுபோல் இறக்கும் தருணத்தில் ஊற்றி, கொதிக்கவிடாமல் எடுக்க வேண்டும். பரங்கிக்காயைச் சிறு துண்டுகளாக வெங்காயத்தோடு சேர்த்துவிட்டால் பாஸ்தா வேகும் நேரத்தில் அது முழுதும் கரைந்து, கிரீம் இல்லாமலேயே சாஸுக்குத் திரட்சியும் பொன்னிறமும் தருகிறது. சிக்கனத்துக்கும் சுவைக்கும் மாற்றங்களில் இதுவே சிறந்தது. கத்தரிக்காய் நிறத்தைக் கெடுக்கும். வெண்டைக்காய் வழவழப்பு வேறு வகை, தவிர்க்கலாம். முருங்கைக்கீரையைக் கடைசி இரண்டு நிமிடத்தில் ஒரு கைப்பிடி சேர்ப்பது நன்று.

இத்தாலியர் பயன்படுத்தும் பேசிலைக் கடையில் தேடுபவர்கள், திருநீற்றுப் பச்சிலையும் அதே தாவர இனந்தான் என்பதை அறிந்திருக்கலாம். சப்ஜா விதை தரும் செடி அதுதான். மணம் சற்றுக் காட்டமானது. நான்கைந்து இலை போதும்.

மிஞ்சியதைக் கடற்கரைப் புழுக்கத்தில் வெளியே வைக்காமல் இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். மறுநாள் கட்டியாக இருக்கும் அதை இரண்டு மூன்று கரண்டிப் பால் விட்டுத் தணிந்த தீயில் கிளறினால் மீண்டும் இளகும்.