தானே மூடிக்கொள்ளும் கான்கிரீட் விரிசல்: அந்தமான் தீவுகளுக்குக் கைகொடுக்குமா?

ஸ்ரீ விஜயபுரம்: ஆண்டின் பெரும்பகுதி மழையும், ஓயாத உப்புக் காற்றும் நிலவும் அந்தமான் நிகோபார் தீவுகளில், கான்கிரீட்டில் தோன்றும் மயிரிழை விரிசல்கூட அலட்சியப்படுத்தக் கூடியதன்று. அதன் வழியே புகும் உப்பு நீர், உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. இரும்பைவிடத் துரு அதிக இடத்தை அடைப்பதால், கான்கிரீட் உள்ளிருந்தே பிளக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று 9.1 அளவிலான நிலநடுக்கத்தையும் சுனாமியையும் சந்தித்த இத்தீவுகளில், கம்பி அரிக்கப்பட்ட தூண்கள் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

எனினும், சிறு விரிசல்களைத் தானே மூடிக்கொள்ளும் இயல்பு சிமெண்டுக்கு ஓரளவு உண்டு.

மூடிக்கொள்வது எப்படி?

கான்கிரீட் இறுகிய பிறகும், அதிலுள்ள சிமெண்ட் துகள்கள் அனைத்தும் நீருடன் வினைபுரிந்து முடிவதில்லை. விரிசல் வழியே நீர் சேரும்போது, எஞ்சிய துகள்கள் மீண்டும் வினைபுரிந்து புதிய பிணைப்பை உருவாக்குகின்றன. அத்துடன், கான்கிரீட்டில் உள்ள கால்சியம் ஹைட்ராக்சைடு, நீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடுடன் சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. விரிசலின் ஓரங்களில் காணப்படும் வெண்ணிறப் படிவு பெரும்பாலும் இதுவே.

பொதுவாக 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரையிலான விரிசல்களே இவ்வாறு மூடுகின்றன. இதற்கு ஈரம் கட்டாயம்.

பாக்டீரியாவும் நார்களும்

இந்த வரம்பை உயர்த்தும் முயற்சிகள் பல நாடுகளில் நடைபெறுகின்றன. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெங்க் யோங்கர்ஸ், சுண்ணாம்புப் படிவை உண்டாக்கும் பாக்டீரியா வித்துகளையும் அவற்றுக்கான உணவையும் கான்கிரீட்டில் கலந்தார். நீர் பட்டதும் விழித்தெழும் இவை, விரிசலைச் சுண்ணாம்பால் அடைக்கின்றன.

இந்தியாவில், கர்நாடக மாநிலம் தொண்டேபாவி கிராமத்தில் 2015-இல் இத்தகைய சாலை ஒன்று அமைக்கப்பட்டது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் நேம்குமார் பாந்தியா தலைமையில் உருவான இச்சாலையில், நீரை ஈர்க்கும் மேற்பூச்சு கொண்ட நார்கள் கலக்கப்பட்டன. மழைநீரை இவை விரிசலுக்குள் தேக்கி, எஞ்சிய சிமெண்ட் வினைபுரிய உதவுகின்றன.

எல்லை எது?

மழை மிகுந்த அந்தமானில் ஈரத்துக்குக் குறைவில்லை. ஆனால், அதே ஈரத்துடன் உப்பும் வருகிறது. விரிசல் மூடுவதற்குள் உப்பு கம்பியை எட்டிவிட்டால், மேற்பரப்பு மூடியும் பயனில்லை. நிலநடுக்கத்தால் ஏற்படும் பெரிய பிளவுகளையும், தொடர்ந்து அசையும் விரிசல்களையும் இம்முறை சீராக்காது.

எனவே, முன்கூட்டிய தடுப்பே முதன்மையானது. கடலோரச் சூழலில் அமையும் கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு, குறைந்தது எம்30 தரமும், கம்பியின் மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடலும் தேவை என ஐ.எஸ். 456:2000 விதிமுறை கூறுகிறது. அங்கு விரிசலின் அகலம் 0.1 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பதும் அதன் வரையறை. சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள்கள், கலப்புச் சிமெண்டுக்கு 10 நாள்கள் நன்னீரால் க்யூரிங் செய்ய வேண்டும்.

அகலம் கூடிவரும் விரிசல், துருக்கறை, பெயர்ந்து விழும் பூச்சு ஆகியவை தென்பட்டால், தானே சரியாகும் எனக் காத்திராமல் கட்டுமானப் பொறியாளரை அணுகுவதே பாதுகாப்பானது.