முறியாத உடன்படிக்கை

வாணியம்பாடிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடைப்பட்ட நாட்றம்பள்ளி வட்டாரத்தில் நம் அண்டை வீட்டாராக வாழும் கிறிஸ்தவருள் லுத்தரன் சபையினரும் உளர். 1895இல் நெய்தர், மோன் என்னும் ஜெர்மானியக் குருமார் கிருஷ்ணகிரியில் தொடங்கிய மிசௌரி லுத்தரன் ஊழியமே ஆம்பூர்வரை பரவி, 1958இல் இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை ஆயிற்று. இச்சபையாரின் இறையியலில் ஒரு வினா நம் கருத்துக்குரியது. ஈஸா நபி (அலை) அவர்களை ஏற்க மறுத்த யூதரோடு இறைவன் செய்த உடன்படிக்கை இன்றும் நிலைக்கிறதா?

இல்லை என்பதே பல நூற்றாண்டுகளாகக் கிறிஸ்தவ உலகில் ஓங்கி ஒலித்த விடை. இஸ்ரவேலின் இடத்தில் திருச்சபை அமர்ந்துவிட்டது என்றனர். இக்கருத்தின் கசப்பான கனி, ஜெபாலயங்களை எரிக்குமாறு ஆட்சியாளரைத் தூண்டிய லுத்தரின் 1543ஆம் ஆண்டு நூல். நாஜிகள் அதனைத் தமக்கு வாய்ப்பாக்கிக் கொண்டனர்.

ஆனால் லுத்தர் பெரிதும் போற்றிய ரோமர் நிருபமே வேறு கூறுகிறது. அதன் 11ஆம் அதிகாரத்தில் பவுல் ஓர் ஒலிவ மரத்தைக் காட்டுகிறார். சில கிளைகள் முறிக்கப்பட்டன. காட்டு ஒலிவக் கிளை ஒட்டப்பட்டது. ஒட்டிய கிளை பெருமை கொள்ளலாகாது; வேர்தான் அதனைத் தாங்குகிறது. முறிந்தவற்றை மீண்டும் ஒட்ட இறைவன் வல்லவன். அவனது அழைப்பு திரும்பப் பெறப்படுவதன்று. வாதம் நுட்பமானது. யூதருக்களித்த வாக்கை இறைவன் கைவிடுவானாயின், கிறிஸ்தவருக்களித்த வாக்கிற்கு மட்டும் என்ன உறுதி? (‘பழைய ஏற்பாடு’ என்னும் தமிழ்ப் பெயரிலுள்ள ‘பழைய’ என்ற அடை, அது காலாவதியானது என்ற மயக்கத்தைத் தருவதும் நோக்கத்தக்கது.)

கத்தோலிக்கத் திருச்சபை 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் பவுலின் இக்கருத்திற்குத் திரும்பியது. 1983இல் மிசௌரி சபை லுத்தரின் யூத எதிர்ப்புச் சொற்களைக் கண்டித்து விலக்கியது. எனினும் மீட்பு இயேசு வழியாகவே என்பதில் அது தளரவில்லை.

திருக்குர்ஆனின் நோக்கு வேறு. பகரா அத்தியாயத்தின் 40ஆம் வசனம் பனூ இஸ்ராயீலரை விளித்து, உடன்படிக்கையை இருபக்கக் கடமையாக நிறுத்துகிறது. 124ஆம் வசனமோ, இப்ராஹீம் நபி (அலை) தம் சந்ததியினர்க்காக வேண்டியபோதும், அநீதியிழைப்போரை அவ்வாக்குறுதி சாராது என வரம்பிடுகிறது. பவுல் அழைத்தவனின் மாறாமையை அழுத்துகிறார். குர்ஆன் அழைக்கப்பட்டோரின் நடத்தையைக் கேட்கிறது.

மாறாத இறைவாக்கு என்பதை நிலப்பட்டாவாகப் படிப்போர் மேலைநாட்டுக் கிறிஸ்தவரிடையே பலர். அவர்களுக்கு மறுமொழி கிறிஸ்தவர்களிடமிருந்தே வந்தது. 2009 டிசம்பரில் பெத்லகேமில் வெளியான ‘கைரோஸ் பாலஸ்தீனம்’ ஆவணம், வேதத்தைக் காட்டி ஒரு மக்களின் நிலத்தைப் பறிப்பதை மறுத்தது. அதனை யாத்தவர்களுள் ஒருவர் மித்ரி ராஹெப். அவரும் ஒரு லுத்தரன் போதகரே.