ஒரே புரோகிராம், இரண்டு வகை போன்கள்

ஆண்ட்ராய்டுக்கு ஒரு முறை, ஐபோனுக்கு ஒரு முறை என்று ஒரே ஆப்பை இரண்டு தடவை எழுதுவது தனி ஆளுக்குக் கட்டுப்படியாகாது. ஒரு முறை எழுதி இரண்டிலும் ஓடவைக்கும் சாப்ட்வேர்களில் ஒன்று ஃபிளட்டர். கூகுள் நிறுவனம் இதன் 1.0 பதிப்பை 2018 டிசம்பரில் வெளியிட்டது. முற்றிலும் இலவசம். டார்ட் என்ற மொழியில் எழுத வேண்டும். ஜாவா தெரிந்தவர்களுக்கு டார்ட் சீக்கிரம் பழகிவிடும். மொழியை விட, இன்ஸ்டால் செய்வதில்தான் பலர் சோர்ந்துபோகிறார்கள்.

என் சித்தி மகன் பி.எஸ்சி. இறுதியாண்டு படிக்கிறான். புராஜெக்டுக்கு ஆப் செய்ய வேண்டும். வீட்டில் இருப்பது 8 ஜிபி ராம் உள்ள விண்டோஸ் லேப்டாப். "மேக் வாங்காம முடியாதாமே அண்ணா?" என்று கேட்டான். சித்தப்பா கடனுக்கு ஆள் பார்க்கத் தொடங்கிவிட்டார். வேண்டாம் என்று தடுத்து, அந்த லேப்டாப்பிலேயே செய்துகொடுத்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கிட் சாப்ட்வேரை இன்ஸ்டால் செய்யுங்கள். பிறகு ஃபிளட்டர் ஜிப் பைலை டவுன்லோடு செய்து, சி டிரைவில் 'டெவ்' என்று ஒரு போல்டர் உருவாக்கி அதில் விரியுங்கள். புரோகிராம் பைல்ஸ் போல்டரில் வைக்காதீர்கள். அங்கே எழுத அட்மின் அனுமதி தேவைப்படும். அடுத்து ஃபிளட்டருக்குள் இருக்கும் 'பின்' போல்டரின் முகவரியை விண்டோஸின் 'பாத்' செட்டிங்கில் சேருங்கள். ஏற்கனவே திறந்திருக்கும் கமாண்ட் பிராம்ப்டுக்கு இந்த மாற்றம் தெரியாது. மூடிவிட்டுப் புதிதாகத் திறக்க வேண்டும்.

ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவையும் இன்ஸ்டால் செய்யுங்கள். புரோகிராம் எழுத விஷுவல் ஸ்டூடியோ கோட் போதும், அது லேசானது. ஆனால் ஆண்ட்ராய்டு எஸ்டிகே வேண்டுமே! எஸ்டிகே மேனேஜரில் 'கமாண்ட் லைன் டூல்ஸ்' என்ற பெட்டியில் டிக் செய்ய மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் லைசென்ஸ்களை ஏற்கும் கட்டளை வேலை செய்யாது.

இப்போது 'ஃபிளட்டர் டாக்டர்' என்ற கட்டளையை டைப் செய்யுங்கள். எது சரி, எது குறை என்று பட்டியல் வரும். விஷுவல் ஸ்டூடியோ இல்லை என்று அது காட்டினால் பதற வேண்டாம். விஷுவல் ஸ்டூடியோ வேறு, விஷுவல் ஸ்டூடியோ கோட் வேறு. முன்னது விண்டோஸ் புரோகிராம் உருவாக்க மட்டுமே தேவை. பல ஜிபி டேட்டாவை இதற்காக வீணாக்காதீர்கள்.

8 ஜிபி ராமில் எமுலேட்டரை ஓட்டினால் சிஸ்டம் திணறிவிடும். உங்கள் போனையே பயன்படுத்துங்கள். செட்டிங்ஸில் 'பில்ட் நம்பர்' என்பதை 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் வரும். அதில் யூஎஸ்பி டிபக்கிங்கை ஆன் செய்து, டேட்டா கடத்தும் கேபிளால் இணையுங்கள். சார்ஜுக்கு மட்டுமான கேபிள் என்றால் போன் தெரியவே தெரியாது. முதல் முறை ஓட்டும்போது வேண்டிய பைல்கள் டவுன்லோடு ஆகும் என்பதால் நேரம் எடுக்கும். அதன் பிறகு ஒரு வரியை மாற்றி சேவ் செய்தால், 'ஹாட் ரீலோட்' வசதியால் ஓரிரு விநாடிகளில் போனில் மாற்றம் தெரியும்.

மேக் எப்போது தேவை? ஐபோனுக்கான ஆப்பை உருவாக்கும் எக்ஸ்கோட் சாப்ட்வேர் மேக்கில் மட்டுமே ஓடும். ஆகவே கடைசிக் கட்டத்துக்கு மட்டும் கல்லூரி லேபிலோ நண்பரிடமோ ஒரு மேக் கிடைத்தால் போதும். ஆன்லைனில் வாடகைக்கும் கிடைக்கிறது. பிளே ஸ்டோரில் ஆப்பை வெளியிட ஒரே தடவை 25 டாலர் கட்ட வேண்டும். ஆப்பிளுக்கோ ஆண்டுதோறும் 99 டாலர். புராஜெக்டைக் கல்லூரியில் ஓட்டிக்காட்ட இரண்டுமே தேவையில்லை.