தம்பியையும் பார்த்துக்கணும்... மேட்ச்சுக்கும் போகணும்!

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஷிஃப்ட் வேலைக்குப் போகிற வீடுகளுக்கு இந்தப் பிரச்னை புதுசில்லை. அப்பாவுக்கு ராத்திரி ஷிஃப்ட். அம்மா வீடு திரும்ப ஏழு மணி ஆகும். ஸ்கூல் விட்டு வந்த மூத்த பிள்ளைதான் சின்னதுகளுக்குக் காவல். 'கிரவுண்டுக்குப் போறேம்மா' என்று கேட்டால், 'அப்ப இதுங்களை யார் பார்க்கிறது?' என்ற பதில்தான் வரும்.

இதே நெருக்கடியில், அதுவும் அகதியாக வளர்ந்தவர்தான் கால்பந்து வீரர் அல்ஃபோன்சோ டேவிஸ். பெற்றோர் லைபீரியாவின் உள்நாட்டுப் போருக்குத் தப்பி ஓடியவர்கள். 2000-ல் கானா நாட்டு அகதி முகாமில் இவர் பிறந்தார். ஐந்து வயதில் கனடா போய்ச் சேர்ந்தும் கஷ்டம் விடவில்லை. பெற்றோர் நேரம் காலமில்லாமல் வேலைக்கு ஓட, தம்பி, தங்கையைக் கவனித்துக்கொண்டது இவர்தான்.

அப்புறம் எப்படி விளையாடினார்? எட்மன்டன் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்காக 'ஃப்ரீ ஃபுட்டி' என்றொரு ஏற்பாடு இருந்தது. ஸ்கூல் முடிந்ததும் ஆட்டம். கட்டணம் கிடையாது, விளையாட்டுச் சாமான் இலவசம், வண்டி வசதியும் உண்டு. பல பிள்ளைகள் ஆட்டத்தை விடுவது திறமை இல்லாமல் அல்ல, வண்டி இல்லாமல்தான்! 2022 உலகக் கோப்பையில் குரோஷியாவுக்கு எதிராக இவர் போட்டதுதான், கனடா ஆண்கள் அணிக்கு உலகக் கோப்பையில் கிடைத்த முதல் கோல்.

நம் மாநிலத்திலும் 1983-லிருந்து இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் முகாம்களில் வாழ்கின்றன. 2021-ல் அரசு உயர்த்தி அறிவித்த மாத உதவித்தொகை குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, சிறு பிள்ளைக்கு 500. இதில் பூட்ஸ் வாங்குவதா, முட்டை வாங்குவதா?

'இந்தக் கஷ்டத்தில் விளையாட்டு வேறயா?' என்பீர்கள். 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடமாவது உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டுக் கவலையைச் சுமக்கிற பிள்ளைக்கு இது இன்னும் அவசியம். ஓடியாடினால் மனச்சோர்வு குறையும், தூக்கம் வரும். டீம் ஆட்டமென்றால் பேச்சுத் துணையும் சேரும்.

ஆனால் மதியம் அரைவயிறு, சாயங்காலம் வெறும் டீ என்று ஓட விடாதீர்கள். கொண்டைக்கடலைச் சுண்டல், அவித்த முட்டை, வேர்க்கடலை... ஏதாவது ஒன்று போதும். சுண்டலில் எலுமிச்சம்பழம் பிழியுங்கள், இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது கெடும். உதடு வெளிறி, கொஞ்சம் ஓடினாலே மூச்சு வாங்குகிறதா? முக்கியமாக வயசுக்கு வந்த பெண் பிள்ளைகளுக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்துவிடுங்கள்.

உங்கள் பையனின் டீமில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், 'ஐயோ பாவம்' என்று முகத்துக்கு நேரே சொல்லாதீர்கள். டிபன் டப்பாவில் இன்னொரு பங்கு வையுங்கள். திரும்பும்போது அவனையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். தம்பியைத் தனியே விட முடியாதென்றால் கிரவுண்டுக்கே கூட்டி வரட்டுமே. கோட்டுக்கு வெளியே போகிற பந்தை எடுத்துப் போட ஒரு ஆள் வேண்டாமா?