ஜாடி உள்ளே... கோப்பை வெளியே! ஊருக்கு ஊர் மாறும் சாப்பாட்டு மரியாதை

உங்கள் வீட்டுப் பரணில் பழைய ஊறுகாய் ஜாடி ஒன்று இருக்கிறதா? மேல் பாதி பழுப்பு, கீழ்ப் பாதி வெள்ளை என்று கனமாக இருக்கும். ஆவக்காயோ மாவடுவோ போட்டு, வாயை வெள்ளைத் துணியால் இறுகக் கட்டி வைத்திருப்பார்கள். பாட்டி காலத்து ஆசாரமான சமையலறைகளில்கூட அந்தப் பீங்கான் ஜாடிக்குத் தனி மரியாதை உண்டு.

ஆனால், அதே வீடுகள் பலவற்றில் பீங்கான் தட்டில் சோறு போட மாட்டார்கள். விருந்தாளிக்கென்று வாங்கிய பீங்கான் கோப்பையைத் தனியாகக் கழுவி, தனி அலமாரியில் கவிழ்த்து வைப்பார்கள். ஜாடியும் மண்தான், கோப்பையும் மண்தான், இரண்டும் சூளையில் வெந்தவைதான். பிறகு எப்படி ஜாடி உள்ளே வந்தது, கோப்பை வெளியே நின்றது?

பீங்கானுக்குப் பெயர்போன விருத்தாசலத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது எழுந்த கேள்வி இது. பதில் ஒரே சொல்லில் இருக்கிறது: எச்சில்.

பீங்கான் ஊர்

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாறு பாயும் ஊர் விருத்தாசலம். பழைய பெயர் திருமுதுகுன்றம். வெளியூர்க்காரர்களுக்கு விருத்தகிரீஸ்வரர் கோயிலும் ரயில் ஜங்ஷனும் சட்டென்று நினைவுக்கு வரும். சென்னை - திருச்சி பாதையில் இருக்கும் இந்த ஜங்ஷனிலிருந்து சேலத்துக்கும் கடலூருக்கும் பாதைகள் பிரிகின்றன. இந்த ஊருக்கு இன்னோர் அடையாளம் செராமிக் தொழிற்பேட்டை. பொம்மைகள், பாத்திரங்கள், மின்சார ஃபியூஸ் கட்டைகள் என்று மண்ணைச் சுட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். செராமிக் தொழில்நுட்பம் படிக்க அரசுக் கல்வி நிறுவனமும் இங்கேயே இருக்கிறது.

களிமண்ணைச் சுட்டால் பானை. அதன் மேல் மெருகுக் கலவை பூசி, இன்னும் அதிகச் சூட்டில் வேகவைத்தால் அந்தப் பூச்சு உருகிக் கண்ணாடிபோல் படியும். இதைத் தொழிலில் ‘கிளேஸ்’ என்கிறார்கள். புளிப்பும் உப்பும் இதை ஒன்றும் செய்யாது. பித்தளையில் ஊறுகாய் போட்டால் களிம்பு ஏறும், அலுமினியம் அரித்துப்போகும். பீங்கான் அப்படியே இருக்கும். ஜாடி சமையலறைக்குள் வந்தது இந்தக் காரணத்தால்தான். ஜாடியில் யாரும் வாய் வைப்பதில்லை என்பதும் அதற்கு வசதியாகப் போயிற்று.

கோப்பையின் கதை வேறு. அதன் விளிம்பில் உதடு படும். பழைய ஆசாரக் கணக்குப்படி, உலோகப் பாத்திரத்தைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் சுத்தமாகிவிடும். மண் பாத்திரம் எச்சிலை உறிஞ்சிக்கொள்ளும், அதனால் ஒருமுறையோடு தூக்கிப் போட வேண்டும். கிளேஸ் பூசிய பீங்கான் எதையும் உறிஞ்சாதுதான். ஆனாலும் அது மண் என்பதால் பழைய விதி அதையும் விடவில்லை.

வாழையிலையில் சாப்பிட்டுத் தூக்கிப் போடுவதும் இந்தக் கணக்குதான். டம்ளருக்கு மடங்கிய விளிம்பு இருப்பது, உதடு படாமல் தூக்கி ஊற்றிக் குடிக்க வசதி. வட இந்திய ரயில் நிலையங்களில் டீ குடித்துவிட்டு உடைத்துப் போடும் ‘குல்லட்’ மண் கோப்பையும் இதே கணக்கில் வருவதுதான். ரயில்வே அமைச்சராக இருந்த லாலு பிரசாத் யாதவ், 2004-ல் ரயில் நிலையங்களுக்கு அந்தக் குல்லட்டை மறுபடி கொண்டுவந்தார்.

நம்மைப் பார்த்து வியந்தவர்கள்

நமக்குச் சாதாரணமாகத் தெரியும் இந்தப் பழக்கங்கள், வெளியிலிருந்து வந்தவர்களை ஆச்சர்யப்படுத்தியிருக்கின்றன.

7-ம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த சீனத் துறவி இட்சிங், இங்கே உணவில் ‘சுத்தம், அசுத்தம்’ பிரிப்பதைப் பற்றி விரிவாக எழுதிவைத்தார். ஒரு வாய் சாப்பிட்டாலே அந்தத் தட்டு எச்சிலாகிவிடும் என்பதும், குச்சிகளால் உண்ணும் வழக்கம் இங்கே இல்லை என்பதும் அவர் கண்ணில் பட்டன. மிச்சத்தைத் தொடக் கூடாது, சாப்பிட்டதும் வாய் கொப்பளிக்க வேண்டும் என்ற விதிகளை அவர் தன் நாட்டுத் துறவிகளுக்கும் எடுத்துச் சொன்னார்.

13-ம் நூற்றாண்டின் இறுதியில் நம் கிழக்குக் கடற்கரைக்கு வந்தவர் வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ. இங்குள்ளவர்கள் வலது கையால் மட்டுமே சாப்பிடுகிறார்கள், ஆளுக்கொரு குடிநீர்ப் பாத்திரம் வைத்திருக்கிறார்கள், அதை உதட்டில் வைக்காமல் உயர்த்தி வாயில் ஊற்றிக்கொள்கிறார்கள் என்று அவர் பயணக் குறிப்பு சொல்கிறது. பாத்திரம் இல்லாமல் வரும் அந்நியருக்கு? கையில் தண்ணீரை ஊற்றுவார்கள், அவர் கைகளைக் குவித்துக் குடித்துக்கொள்ள வேண்டும்.

இன்றைக்கும் பேருந்தில் பக்கத்து சீட்காரரிடம் தண்ணீர் பாட்டிலை வாங்கி அண்ணாந்து குடிக்கிறோமே, அது 700 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு வெளிநாட்டுக்காரர் எழுதிவைத்த பழக்கம். நாம் பாட்டிலை உயர்த்தி ஒரு சொட்டும் சிந்தாமல் குடிப்பதை வெளிநாட்டுப் பயணிகள் இப்போதும் வித்தை போலத்தான் பார்க்கிறார்கள்.

14-ம் நூற்றாண்டில் மலபார் வழியாகப் பயணம் செய்த மொராக்கோக்காரர் இபின் பதூதாவின் குறிப்பு கொஞ்சம் உறுத்தும். அங்கே வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள் இருந்தன. இந்துப் பயணிக்குப் பாத்திரத்தில் தண்ணீர் கிடைத்தது. முஸ்லிம் பயணிக்குக் கையில் ஊற்றினார்கள். முஸ்லிம் ஒருவர் சாப்பிட்ட பாத்திரத்தை உடைத்துவிடுவார்கள் அல்லது அவரிடமே கொடுத்துவிடுவார்கள் என்று எழுதியிருக்கிறார். தாகத்துக்குத் தண்ணீர் எல்லோருக்கும் உண்டு. பாத்திரம் மட்டும் எல்லோருக்கும் இல்லை!

அங்கே சரி... இங்கே தப்பு!

நம் வழக்கம்தான் உலக வழக்கம் என்று நினைத்துப் பயணம் கிளம்பினால் முதல் வேளையிலேயே தடுமாறுவோம்.

ஜப்பானில் சோற்றுக் கிண்ணத்தைக் கையில் தூக்கிச் சாப்பிடுவதுதான் மரியாதை. பக்கத்து நாடான கொரியாவில் கிண்ணம் மேஜையிலேயே இருக்க வேண்டும், பெரியவர்கள் முதலில் எடுத்த பிறகே சின்னவர்கள் தொட வேண்டும். ஜப்பானில் நூடுல்ஸைச் சத்தமாக உறிஞ்சிச் சாப்பிட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனால், குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைத்தால் மேஜையே அமைதியாகிவிடும். அது இறந்தவருக்குப் படைக்கும் முறை.

நமக்கு இது புரியாத விஷயமல்ல. கல்யாண வீட்டில் சாப்பிட்டு முடித்ததும் இலையை நம் பக்கமாக மடிக்கிறோம். துக்க வீட்டில் எதிர்ப்பக்கமாக மடிப்பது பலரது வழக்கம். விவரம் தெரியாத வெளிநாட்டு விருந்தாளி கல்யாணப் பந்தியில் இலையை மாற்றி மடித்தால், பார்க்கும் பெரியவருக்குச் சுருக்கென்று இருக்கும். குச்சியைக் குத்திவைத்த நம்மைப் பார்க்கும் ஜப்பானியருக்கும் அப்படித்தான் இருக்கும்.

தாய்லாந்தில் ஸ்பூன்தான் வாய்க்குள் போகும். முள்கரண்டி, சோற்றை ஸ்பூனுக்குத் தள்ளிவிட மட்டுமே. எத்தியோப்பியாவில் ‘இன்ஜெரா’ என்ற தோசை போன்ற உணவைப் பெரிய தட்டில் வைத்து எல்லோரும் சேர்ந்து பிய்த்துச் சாப்பிடுகிறார்கள். அன்பைக் காட்ட, தன் கையால் ஒரு வாய் உருட்டி எதிரே இருப்பவருக்கு ஊட்டுவதும் உண்டு. அதற்கு ‘குர்ஷா’ என்று பெயர். மறுத்தால் மனம் கோணும்.

‘ஐயோ, எச்சில்’ என்று நாம் பதறலாம். ஆனால், அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. காயல்பட்டினம், கீழக்கரை பக்கம் கல்யாணத்துக்குப் போய்ப் பாருங்கள். ‘சஹன்’ என்ற பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து, ஒரே தட்டில் சேர்ந்து சாப்பிடுவார்கள். அங்கே பகிர்ந்து உண்பதுதான் மரியாதை. அதுவும் தமிழர் பந்திதான்.

சிங்கப்பூர் ஹாக்கர் சென்டர்களில் இன்னொரு பாடம். சாப்பிட்ட தட்டை அப்படியே விட்டுவிட்டு எழக் கூடாது. 2021 செப்டம்பரிலிருந்து இதைச் சட்டப்படியே கண்காணிக்கிறார்கள். தட்டு வைக்கும் இடத்தில் ஹலால் தட்டுகளுக்கும் மற்றவற்றுக்கும் தனித்தனி அடுக்குகள் இருக்கும். எந்த மதத்தவர், எந்த இனத்தவர் என்று யாரும் கேட்பதில்லை. தட்டில் இருந்தது எந்த உணவு என்பது மட்டும்தான் கணக்கு.

மரியாதையா, ஒதுக்கலா?

இங்கேதான் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். உணவைப் பார்த்துத் தட்டைப் பிரிப்பது வேறு, ஆளைப் பார்த்துத் தட்டைப் பிரிப்பது வேறு.

ஒரு காலத்தில் தென்னிந்திய ரயில் நிலையங்களின் உணவு விடுதிகளில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்று இருந்தது. ஒரே ரயிலில், ஒரே பெட்டியில் வந்தவர்கள், பசிக்கும்போது மட்டும் இரண்டு வாசல்களில் பிரிந்தார்கள். பெரியாரும் அவரது இயக்கத்தினரும் தொடர்ந்து எதிர்த்த பிறகு 1941-ல் அந்தப் பிரிவினை முடிவுக்கு வந்தது.

டீக்கடை இரட்டைக் குவளை இன்னும் கொடுமை. சிலருக்குக் கண்ணாடி டம்ளர், தலித் மக்களுக்குத் தனிக் குவளை அல்லது சிரட்டை. குடித்தவரே அதைக் கழுவியும் வைக்க வேண்டும். எச்சில் என்ற சுகாதாரச் சொல்லை வைத்தே மனிதர்களைத் தள்ளி வைத்தார்கள். அரசியலமைப்பின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-ல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டத்தின் 4-வது பிரிவு, உணவகங்களில் இருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்துவதைத் தீண்டாமை காரணமாகத் தடுப்பதைக் குற்றம் என்றே சொல்கிறது. ஒரு டம்ளருக்காக நாடாளுமன்றம் சட்டம் எழுத வேண்டியிருந்தது என்றால், அந்த டம்ளரின் கனம் எவ்வளவு என்று பாருங்கள்.

இன்றும் சில வீடுகளில் வேலைக்கு வரும் அக்காவுக்குத் தனி டம்ளர், டிரைவர் அண்ணனுக்குத் தனித் தட்டு. ‘சுத்தத்துக்காக’ என்பார்கள். அதே வீட்டுப் பிள்ளைகள் ஹோட்டலில், யார் யாரோ சாப்பிட்ட தட்டில் தயங்காமல் சாப்பிடுவார்கள். சோப்பு போட்டுக் கழுவினால் ஹோட்டல் தட்டு சுத்தமாகும் என்றால், வீட்டு டம்ளரும் சுத்தமாகத்தானே வேண்டும்?

ஒரே ரயிலில் ஒரு பதில்

விருத்தாசலத்திலிருந்து கடலூர் போகும் ரயில் ஏறினால், நெய்வேலி தாண்டியதும் வடலூர் வரும். 1867 மே 23 அன்று வள்ளலார் அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. சாதி, மதம், ஊர், மொழி எதுவும் கேட்காமல், பசி ஒன்றை மட்டுமே பார்த்துச் சோறு போடும் இடம். ரயில் நிலையச் சாப்பாட்டு அறைகளின் பிரிவினை ஒழிவதற்கு 74 ஆண்டுகளுக்கு முன்பே, நம் பக்கத்து ஊரில் ஒருவர் எல்லோரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்துவிட்டார்.

பயணம் கிளம்பும் முன்...

* புது ஊரில் முதல் வாய்க்கு முன் இரண்டு நிமிடம் மற்றவர்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள்.

* கையால் சாப்பிடத் தயங்க வேண்டாம். கை கழுவ இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

* பிடிக்காததை ‘எங்கள் பக்கம் பழக்கமில்லை’ என்று சொல்லி மறுக்கலாம். மூக்கைப் பொத்துவதுதான் அவமரியாதை.

* மற்றவர் தட்டைப் பார்த்துக் கிண்டலோ விசாரணையோ வேண்டாம். குழந்தைகள் நம்மைப் பார்த்துத்தான் கற்கிறார்கள்.

* வீட்டுக்கு யார் வந்தாலும், நாம் குடிக்கும் அதே கோப்பையில் காபி கொடுங்கள்.

இந்தக் கடைசி விஷயத்துக்கு விசாவும் வேண்டாம், டிக்கெட்டும் வேண்டாம். தனி அலமாரியில் கவிழ்த்து வைத்திருக்கும் அந்தப் பீங்கான் கோப்பைகளை இன்றே எடுத்து, மற்ற டம்ளர்களோடு சேர்த்து அடுக்கினால் போதும்.